பதினாறாம் பிளாக்கில் உறைபனி

கருணாகரன் தன் மனைவி எழில்மதியின் சாப்பாட்டைக் குறைத்த மூன்றாவது வாரம், அனல்மின் நிலைய டவுன்ஷிப்பின் பதினாறாம் பிளாக்கில் அவர்கள் குடியிருந்த குவார்ட்டர்ஸின் உள்சுவரில் உறைபனி படிந்தது. அது மே மாதம். வெளியே வெயில் நூற்றியாறு டிகிரி. வடலூர் கடைத்தெருவில் எலுமிச்சம்பழம் ஒன்று பன்னிரண்டு ரூபாய், இளநீர் அறுபது. பனியை முதலில் பார்த்தவள் பக்கத்துக் குவார்ட்டர்ஸ் பாயிஜா. இரண்டு கரண்டி இட்லி மாவு கேட்டு வந்திருந்தாள். அரைத்து நான்கு நாளாகியும் மாவு பொங்கவேயில்லை என்று எழில்மதி பாத்திரத்தைத் திறந்து காட்டினாள். பாயிஜா மாவைப் பார்க்கவில்லை. சுவரைத் தொட்டு, விரலை நாக்கில் வைத்துப் பார்த்து, “ஐஸுக்கா” என்றாள். எழில்மதி ஆமாம் என்று தலையசைத்தாள். பாயிஜாவுக்கு அப்போது இரண்டாம் மாதம். வாந்தியிலும் வெக்கையிலும் துவண்டு போயிருந்தவள், அப்படியே அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். உட்கார்ந்தபடியே சாயங்காலம் வரை தூங்கினாள். அவள் நன்றாகத் தூங்கிப் பல நாள் ஆகியிருந்தது.

எழில்மதி பருமனானவள். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. ஷேர் ஆட்டோவில் அவளிடம் இரண்டு பேருக்கான காசு கேட்பார்கள், அவளும் கொடுத்துவிடுவாள். வடக்குத்து கிராமத்தில் பிறந்து, பத்தொன்பது வயதில் டவுன்ஷிப்புக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது ஒல்லிக்குச்சியாக இருந்தாள் என்பதற்குக் கல்யாண போட்டோ இருக்கிறது. அவளுடைய அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அறுப்புக்கு முந்தைய மாதங்களில் அந்த வீட்டில் ஒருவேளைதான் உலை கொதிக்கும், சில நாள் அதுவும் இல்லை. பர்மனென்ட் வேலைக்காரன் வீட்டுக்கு வந்து மூன்று வேளையும் சோறு என்று ஆனபோது எழில்மதி அதை நம்பினாள், அவளுடைய உடம்பு நம்பவில்லை. இன்றைக்கு இருக்கிறது, நாளைக்கு யார் கண்டார்கள் என்று ஒவ்வொரு கவளத்திலிருந்தும் கொஞ்சம் எடுத்து ஒதுக்கி வைத்தது. பையன் பிறந்தான், வளர்ந்தான், படித்து ஓசூரில் வேலைக்குப் போனான். உடம்பு ஒதுக்கி வைத்துக்கொண்டே இருந்தது. அதற்குக் கணக்குப் போடத் தெரியும், காலண்டர் பார்க்கத் தெரியாது.

நாற்பத்திரண்டு வயதில் அவளுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. சர்க்கரையும் எல்லையில் வந்து நின்றது. எடையைக் குறைத்தால் இரண்டும் அடங்கும் என்று டாக்டர் சொன்னார். எப்படி என்று கருணாகரன் கேட்டான். சாப்பாட்டைக் குறைக்கணும், நடக்கணும் என்றார் டாக்டர். வெளியே பெஞ்ச் நிறைய ஆட்கள் காத்திருந்தார்கள். கருணாகரனுக்கு அவ்வளவு போதும். அவன் அனல்மின் நிலையத்தில் பாய்லர் ஆபரேட்டர். பங்கர் தொட்டியில் கரி கிடக்கிறது, ஃபீடர் அதைப் பாய்லருக்குத் தள்ளுகிறது, பாய்லர் எரிக்கிறது. மேலிருந்து கரி வருவதை நிறுத்தினாலும் பங்கரில் இருப்பது தீரும் வரை பாய்லர் எரிந்துகொண்டுதான் இருக்கும். பொண்டாட்டியின் உடம்பில் இருப்பதும் ஸ்டாக் தான். வரத்தை நிறுத்தினால் இருப்பு எரியும். கூட வேலை செய்யும் சங்கரலிங்கத்திடம் கேட்டான். சீனியர் ஆபரேட்டரான அவரும், “லாஜிக் கரெக்ட்டுப்பா” என்றார். காலையில் ஒரு டம்ளர் மோர், மதியம் ஒரு பிடி சோறும் வெள்ளரிக்காயும், சாயங்காலம் ஒரு டம்ளர் கஞ்சித் தண்ணீர் என்று ஏற்பாடாயிற்று. கருணாகரன் கொடுமைக்காரன் இல்லை. அவனுக்கு அவள் செத்துவிடுவாள் என்று பயம். பயந்தவன் கையில் வால்வு இருந்தால் அவன் அதைத் திருகத்தான் செய்வான்.

முதல் வாரம் மூன்று கிலோ இறங்கியது. பாயிஜாவின் புருஷன் முகமது அசீம் மந்தாரக்குப்பத்தில் அரிசி மண்டி வைத்திருந்தார். மூட்டை நிறுக்கும் தராசில்தான் எழில்மதி ஞாயிற்றுக்கிழமை தோறும் ஏறி நின்றாள். வீட்டுத் தராசுகள் அவளைத் தாங்கவில்லை. அசீம் ஒவ்வொரு முறையும் தராசின் முகத்தைத் தெருப்பக்கம் தெரியாமல் சுவர்ப்பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு, தான் மட்டும் எட்டிப் பார்த்துக் கருணாகரன் காதில் சொல்வார். மூன்று கிலோ என்றதும் கருணாகரன் கேன்டீனில் எல்லோருக்கும் டீ வாங்கினான். சங்கரலிங்கம் டீயைக் குடித்துவிட்டு, “ரொம்ப ஆடாத. நம்ம கரி மாதிரிதான் அதுவும். பாதி தண்ணி. மொதல்ல தண்ணிதான் போகும்” என்றார். சொன்னபடியே இரண்டாவது வாரம் ஒன்றும் இறங்கவில்லை. மூன்றாவது வாரமும் இறங்கவில்லை. அந்த வாரம்தான் சுவரில் பனி படிந்தது. ஆனால் கருணாகரன் சுவரைப் பார்க்கவில்லை, தராசைப் பார்த்தான்.

திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறாள் என்று முடிவு செய்தான். இல்லை என்று அவள் சொன்னாள். இரண்டு நாள் லீவு போட்டு அவள் எதிரிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தான். அவள் வெள்ளரிக்காய் தின்றாள், மோர் குடித்தாள், துணி மடித்தாள், போர்வையைப் போர்த்திக்கொண்டு சீரியல் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தராசு அதே எடையைக் காட்டியது. தராசு ரிப்பேர் என்று சொல்லித் தானே ஏறிப் பார்த்தான். தராசு சரியாகத்தான் இருந்தது. “அப்ப காத்தக் குடிச்சா ஊதறே?” என்று கடையில் வைத்தே கேட்டான். எழில்மதி சொன்னாள்: “காத்துக்கு ஒரு பூட்டு போட்டுடுங்க. மறந்துறப் போறீங்க.” அசீம் சிரிப்பை அடக்க முடியாமல் மூட்டைப் பக்கம் திரும்பிக்கொண்டார். அன்று சாயங்காலம் கருணாகரன் அரிசி, சர்க்கரை, எண்ணெய் இருந்த அலமாரிக்குப் பூட்டுப் போட்டான். எழில்மதி அதைப் பார்த்து வயிறு குலுங்கச் சிரித்தாள். பிறகு பல நாளைக்கு அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கிடையில் குளிர்ச்சி விஷயம் பிளாக் முழுக்கத் தெரிந்துவிட்டது. அந்த வரிசையில் ஏசி வைத்த குவார்ட்டர்ஸ் கிடையாது. மதியம் ஒரு மணிக்குப் பெண்கள் பாயும் பெட்ஷீட்டும் எடுத்துக்கொண்டு வந்து எழில்மதியின் ஹாலில் வரிசையாகப் படுத்தார்கள். கல்யாண வீட்டுக்குக் கட்டிய மல்லிகைப்பூ அங்கே ராத்தங்கியது. ஞாயிற்றுக்கிழமை மீன் வாங்கியவர்கள் அவள் கட்டிலுக்கடியில் பாத்திரத்தோடு வைத்துவிட்டுப் போய், திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொண்டார்கள். நிலக்கரிச் சுரங்கத்தில் ரிட்டையரான குஞ்சிதபாதம் சாய்வு நாற்காலியையே தூக்கிக்கொண்டு வந்து ஜன்னலோரம் நிரந்தரமாகப் போட்டார். வந்தவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. போகும்போது நல்ல வார்த்தை சொல்லிவிட்டுத்தான் போனார்கள். எழில்மதி ஒருநாள் தனக்கு முடியவில்லை, பசிகூட இப்போது எடுப்பதில்லை என்று மெதுவாகச் சொன்னபோது, குஞ்சிதபாதம் பேப்பரை இறக்காமலே, “கொஞ்சம் பொறுத்துக்கம்மா. அக்னி நட்சத்திரம் முடியட்டும்” என்றார். ஹாலில் படுத்திருந்தவர்கள் ஒருவரும் அதற்கு மறுப்புச் சொல்லவில்லை.

மே மாத ஆரம்பத்தில் எழில்மதியின் தம்பி கொளஞ்சிநாதன் வடக்குத்திலிருந்து ஒரு பலாக்காய் கொண்டு வந்து ஹால் மூலையில் சாக்கு விரித்து வைத்திருந்தான். அவன் சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் பக்கம் கான்ட்ராக்ட் வேலை பார்ப்பவன். வீட்டுக்குப் பின்னால் அவன் மரம், வருடா வருடம் முதல் காய் அக்காவுக்கு. முற்றிய காய், நாலு நாளில் பழுத்துவிடும் என்று சொல்லிவிட்டுப் போனான். பத்து நாள் கழித்து வந்து தட்டிப் பார்த்தான், கல் மாதிரி இருந்தது. மூன்று வாரம் கழித்து வந்தும் அப்படியே இருந்தது. காம்பில் பால்கூட உறைந்து நின்றது. “மாமா, எங்க அக்காவத்தான் பட்டினி போட்டுகினு இருக்கீங்க. பலாக்காய என்னாத்துக்கு போட்டீங்க?” என்று கேட்டான். கருணாகரனும் விடவில்லை. “உங்க ஊர்க் காய் மச்சான். உங்க அக்கா மாதிரியேதான். என்ன பண்ணாலும் அசையாது” என்றான். கொளஞ்சிநாதன் சிரித்துவிட்டு அக்காவைப் பார்த்தான். அவள் சிரிக்கவும் இல்லை, கோபிக்கவும் இல்லை. போர்வைக்குள்ளிருந்து இருவரையும், ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் டீ குடிக்காமல் எழுந்து போனான்.

அவள் உடம்பில் ஒவ்வொன்றாக நின்றுகொண்டிருந்தது. முதலில் நகம் வளர்வது நின்றது. பிறகு தலைமுடி கொத்தாகக் கழன்றது. மாதாமாதம் வரும் தூரம் நின்றது. வியர்வை நின்றது. பாத்ரூமுக்கு நடந்து வர அரைமணி நேரமாயிற்று. பேசினால் பாதி வாக்கியத்தில் குரல் தேய்ந்துவிடும். கனவும் நின்றது. இத்தனை நின்றும் இடுப்பிலும் வயிற்றிலும் தொடையிலும் இருந்த கொழுப்பில் ஒரு குண்டுமணிகூடக் குறையவில்லை. காவல்காரன் மாதிரி உடம்பு அதன் மேல் படுத்துக்கொண்டது. ஒருநாள் மதியம் பாயிஜா அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று விட்டாள். “அக்கா, என்னக்கா இது. மீன் பொட்டியில வெச்ச கை மாரி இருக்கு. மாமா என்ன சொன்னாரு?” எழில்மதி யோசித்தாள். காலையில் கருணாகரன் கன்னாபின்னாவென்று பேசிவிட்டுத்தான் போயிருந்தான். அவன் சொன்னதெல்லாம் வரிசையாக ஞாபகம் இருந்தது. அதில் ஒன்றுக்காவது தனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும் என்றும் தெரிந்தது. தேடிப் பார்த்தாள், எங்கேயும் இல்லை. கோபமும் நின்றுவிட்டது. மற்ற எதற்கும் பயப்படாதவள் அதற்குப் பயந்தாள்.

அந்தப் பயத்தில்தான் அவளுக்கு வடக்குத்து ஞாபகம் வந்தது. டவுன்ஷிப்பில் கரண்ட் போவது அபூர்வம். இங்கே பிறந்து வளர்ந்த கருணாகரனுக்கு மின்சாரம் என்றால் செய்வது மட்டும்தான் தெரியும், அது இல்லாமல் போவது தெரியாது. எழில்மதி வளர்ந்தது டவுன்ஷிப் வேலிக்கு அந்தப்பக்கம். ராத்திரியில் அனல்மின் நிலையத்து வெளிச்சம் வானத்தில் தெரியும், அவள் வீட்டில் சிம்னி விளக்கு எரியும். கரண்ட் குறைந்தால் ஒரேயடியாக எல்லா இடத்திலும் போய்விடாது என்பது அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்குப் பாடம் மாதிரி தெரியும். முதலில் தெருவிளக்கு போகும். அப்புறம் வீடுகள். அப்புறம் மோட்டார் கொட்டகை. அப்புறம் ரைஸ் மில். ஆஸ்பத்திரி லைன் மட்டும் கடைசி வரைக்கும் இருக்கும். எங்கேயோ ஒருத்தன் உட்கார்ந்து, யாரை நிறுத்தினால் யார் பிழைப்பார்கள் என்று பார்த்து ஒவ்வொன்றாக நிறுத்துவான்.

கருணாகரன் ஷிஃப்ட் முடிந்து வந்ததும் அவள் அதைச் சொன்னாள். ஹாலில் இருந்தவர்கள் பாயைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டிருந்தார்கள். குஞ்சிதபாதம் மட்டும் நாற்காலியில் தூங்கிக்கொண்டிருந்தார். “நீங்க என்னப் பாய்லர்னு நெனச்சிகினு இருக்கீங்க” என்றாள் எழில்மதி. ஒவ்வொரு வார்த்தைக்கும் நிறுத்தி மூச்சு வாங்கினாள். “நான் பாய்லர் இல்லங்க. உள்ள ஒருத்தன் உக்காந்துகினு கட் பண்ணிகினே வரான். நீங்க கொறைக்கக் கொறைக்க அவனும் கொறைக்கிறான். முடி, நகம், வேர்வ, எல்லாம் நிறுத்திட்டான். இன்னிக்கு கோவத்த நிறுத்திட்டான். மிச்சம் ஆஸ்பத்திரி லைனுதான் இருக்குது. அதையும் நிறுத்துவான். ஆனா ஸ்டாக்குல மட்டும் கை வெக்க மாட்டான். பஞ்சம் வந்துட்டுதுன்னு நெனச்சிகினு இருக்கான் அவன்.”

கருணாகரன் வேலை பார்க்கும் இடத்தில் அவள் சொன்னது தினப்படி நடக்கிற விஷயம். கிரிட்டில் மின்சாரம் போதாமல் ஃப்ரீக்வென்ஸி விழுந்தால் ஊர் ஊராகக் கழற்றிவிடுவார்கள். இல்லையென்றால் மொத்தமும் படுத்துவிடும். அது அவனுக்குத் தெரியும், வீட்டுக்குள் அதை எடுத்து வரத் தோன்றவில்லை. பிறகு கரிக்குவியல்காரர்கள் செய்வதை அவனும் செய்தான். யார்டில் குவித்த லிக்னைட் என்கிற பழுப்புக் கரி சில சமயம் தானாகவே உள்ளுக்குள் கனலும். அனுபவஸ்தர்கள் குவியலின் மேல் உள்ளங்கையை வைத்தே சொல்லிவிடுவார்கள். அவன் அவள் வயிற்றின் மேல் கையை வைத்தான். மேலே ஐஸ். கையை எடுக்காமல் வைத்திருந்தான். விரல் மரத்துப் போன பிறகு, வெகு ஆழத்தில், அணையப் போகிற ஊதுபத்தி அளவுக்கு ஒரு கதகதப்பு தட்டியது. அவன் எழுந்துபோய் அலமாரிப் பூட்டைத் திறந்தான். அவனுக்குத் தெரிந்த ஒரே சமையல் ரவா உப்புமா. கட்டி கட்டியாக, உப்பு கூடுதலாக ஒரு சட்டி கிண்டிக் கொண்டு வந்தான். எழில்மதி ஒரு வாய் வாங்கிவிட்டு, “இதத் தின்றதுக்கு பட்டினியே தேவல” என்றாள். சொல்லிவிட்டுத் தானே திடுக்கிட்டுப் போனாள். அந்த வார்த்தையில் கொஞ்சம் கோபம் இருந்தது. அவள் சட்டியைக் காலி செய்தாள். சுவரில் பனி உருகித் தரைக்கு இறங்கி, குஞ்சிதபாதத்தின் காலை நனைத்து அவரை எழுப்பியது. மறுநாள் விடிவதற்குள் பலாப்பழ வாசனை பிளாக்கின் கடைசிக் குவார்ட்டர்ஸ் வரை போயிருந்தது.

பிளாக்காரர்களுக்கு வருத்தம்தான். அக்னி நட்சத்திரம் இன்னும் நான்கு நாள் பாக்கி இருந்தது. முழுதாகச் சாப்பிட வேண்டாம், பாதி வயிற்றுக்குச் சாப்பிட்டால் பாதிக் குளிராவது இருக்குமே என்று இரண்டு பேர் வாசலில் நின்று கேட்டார்கள். பாயிஜா தன் வீட்டு வாசலிலிருந்தே கத்தினாள்: “உங்க வூட்ல யாராச்சும் பட்டினி கெடந்து பாருங்களேன், எவ்ளோ குளுருதுன்னு. எங்க அக்காதான் கெடச்சாங்களா?” அதோடு போனவர்கள் அது விஷயமாகத் திரும்பி வரவில்லை. பலாச்சுளையைப் பங்கு போட்டபோது மட்டும் எல்லோரும் வந்தார்கள். கொட்டைகளைச் செம்மண்ணில் புரட்டிக் காயவைத்து எழில்மதி ஒரு பானையில் எடுத்து வைத்தாள். டாக்டரிடம் போனபோது அவர் நாடியைப் பிடித்துப் பார்த்து, முடி கழன்ற தலையைப் பார்த்து, கருணாகரனை நிமிர்ந்து பார்த்தார். “குறைக்கச் சொன்னேன். அடுப்பையே அணைக்கச் சொன்னேனா?” என்றார். இந்த முறை வெளியே காத்திருந்தவர்களைக் காக்க வைத்துவிட்டு நிதானமாகப் பேசினார். வேளாவேளைக்கு வயிறு நிறைய, ஆனால் சர்க்கரை ஏறாத சாப்பாடு. தூக்கம். முழங்கால் விடுகிற அளவுக்கு நடை. எடை இறங்கினால் இறங்கட்டும், மெதுவாக இறங்கட்டும், இறங்காவிட்டாலும் மூட்டும் ரத்தமும் தேறும். அந்த உடம்பு பயந்து போயிருக்கிறது, முதலில் அதன் பயம் போகட்டும் என்றார். கருணாகரன் அலமாரிப் பூட்டை எடுத்துத் தன் சைக்கிளுக்குப் போட்டான். ஆடி மாதம் சைக்கிள் காணாமல் போனது, பூட்டோடு.

ஜூனிலிருந்து நவம்பர் வரை பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எழில்மதி மூன்று வேளை சாப்பிட்டாள். காலையில் மரத்தடி ரோட்டில் பாயிஜாவோடு நடந்தாள். ஒருத்திக்கு வயிறு வளர்ந்தது, இன்னொருத்திக்கு வளரவும் இல்லை, குறையவும் இல்லை. நகம் வளர்ந்தது. மாவு பொங்கிப் பாத்திரத்தை விட்டு வழிந்தது. சர்க்கரை எல்லையிலிருந்து இரண்டு அடி பின்வாங்கியது. கோபம் முழுசாகத் திரும்பி வந்தது, வட்டியோடு. கருணாகரன் அதை வாங்கிக்கொண்டான். அவன் தினமும் ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் ஒருமுறை அவள் வயிற்றில் கை வைத்துப் பார்ப்பான். “என்னாத்துக்கு தெனமும் தடவிகினு?” என்பாள். “டெம்பரேச்சர் செக்” என்பான்.

பாயிஜாவுக்கு ஜனவரியில் நாள். நவம்பர் ஆரம்பத்திலேயே வலி எடுத்துப் பெண் குழந்தை பிறந்துவிட்டது. ஒன்றரைக் கிலோ. ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் மூன்று வாரத்துக்கு மேல் வைத்திருந்து, மூச்சும் பாலும் சீரான பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும்போது ஒன்று சொன்னார்கள். முழு மாதப் பிள்ளைகள் தோள்பட்டைக்கு நடுவில் கொஞ்சம் பழுப்புக் கொழுப்பைக் கட்டிக்கொண்டு பிறக்கும். பெரியவர்களின் கொழுப்பு பெரும்பாலும் வெள்ளை, சேர்த்து வைப்பதற்கு. பிள்ளைகளுடைய பழுப்பு எரிப்பதற்கு, குளிருக்கு அடுப்பு மாதிரி. இந்தப் பிள்ளைக்கு அதைச் சேர்க்க நேரம் கிடைக்கவில்லை. அதனால் சூடு விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், தோலோடு தோலாக வைத்துக்கொள்வது எல்லாவற்றிலும் நல்லது. பழுப்பாக இருப்பதுதான் எரியும் என்பதை டவுன்ஷிப்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. குழந்தைக்கு ஜான் பீவி என்று பெயர் வைத்தார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் புயல் கரையைக் கடந்தது.

பகல் பதினோரு மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அபூர்வமாகவே போகும் கரண்ட் போயிற்று. பாயிஜா வீட்டுக் கூரைமேல் வேப்பமரம் விழுந்து, உடைந்த இடத்தில் மழை நேராக உள்ளே இறங்கியது. அசீம் மண்டியில் மாட்டிக்கொண்டார். கருணாகரன் பாய்லரை விட்டு வர முடியவில்லை, மாற்று ஆள் வந்தால்தானே வருவான். பாயிஜாவுக்கோ இரண்டு நாளாகக் காய்ச்சல், நடுங்கிக்கொண்டிருந்தாள். அவள் நெஞ்சிலேயே வைத்திருந்தும் குழந்தையின் பாதம் நீலம் பூத்தது. அழுகை பூனைக்குட்டிச் சத்தமாகி, பிறகு அதுவும் நின்றது. ஆஸ்பத்திரிக்குப் போகிற ரோட்டில் எட்டு மரம் கிடந்தது. நனைந்த துப்பட்டாவில் பிள்ளையைச் சுருட்டிக்கொண்டு பாயிஜா அடுத்த வாசலுக்கு ஓடினாள். “அக்கா, அழ மாட்டேங்குதுக்கா” என்றாள்.

எழில்மதி ஈரத் துணிகளை உருவி எறிந்துவிட்டு, குழந்தையை வெறும் உடம்போடு தன் வயிற்றின் மேல் கவிழ்த்துப் போட்டு, மேலே புடவையைச் சுற்றிக் கட்டிலில் சாய்ந்தாள். மீன் துண்டு மாதிரி அது ஒட்டிக்கொண்டது. அந்தக் குளிர் எப்படிப்பட்டது என்று அவளுக்குத் தெரியும், ஆறு மாதத்துக்கு முன் அவள் உடம்பு இருந்த குளிர் அதுதான். அவள் தன் வயிற்றைப் பார்த்துப் பேசினாள். சாமியிடம் பேசுவது போல் இல்லை, ரேஷன் கடைக்காரனிடம் பேசுவது போலப் பேசினாள். “இத்தினி வருசமா சேத்து சேத்து வெச்சிகினு இருக்கியே, யாருக்கு வெச்சிருக்க? எடு இப்ப. நாளைக்கு சோறு உண்டு. நான் கேரண்டி. எடுடா.” முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு அவளுடைய பிடரியில் ஒரு சூடு தட்டியது. அது முதுகுத்தண்டில் இறங்கி இடுப்பைச் சுற்றி வயிற்றுக்கு வந்தது. நெற்றியில் வியர்த்தது. ஜன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது. ஈரச் சுவர் மேலிருந்து கீழாகக் காய்ந்து வெளுத்துக்கொண்டு வந்தது. குழந்தையின் பாதம் நீலத்திலிருந்து ஊதாவாகி, ஊதாவிலிருந்து ரோஜாவாயிற்று. பிறகு ஜான் பீவி வாயைத் திறந்து, அந்தப் புயல் சத்தத்துக்கு மேலே கேட்கிற மாதிரி வீறிட்டாள். பாயிஜா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். “பசிக்குது போல. வாடி, பால் குடு. குடுத்துட்டுத் திரும்ப இங்கியே போடு” என்றாள் எழில்மதி.

கரண்ட் வர மூன்று நாளாயிற்று. மூன்று நாளும் அவள் அந்தக் கட்டிலை விட்டு அதிகம் நகரவில்லை. பிளாக்காரர்கள் ஈரத் துணியோடு வந்தார்கள், ஹாலில் கொடி கட்டிக் காயப்போட்டார்கள். ஆனால் இந்த முறை யாரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒருவர் இட்லி, ஒருவர் முட்டைக்குழம்பு, ஒருவர் கேழ்வரகு அடை என்று கேஸ் அடுப்பில் செய்து கொண்டுவந்து ஊட்டாத குறையாகக் கொடுத்தார்கள். குஞ்சிதபாதம் ஒரு தூக்கு நிறையப் பொங்கல் கொண்டு வந்து வைத்துவிட்டு, “நல்லா சாப்பிடும்மா” என்றார். மே மாதம் எடுத்து வைத்த பலாக்கொட்டைகளை அவள் காலடியில் சாக்கில் போட்டார்கள். கால்மணி நேரத்தில் அவை வெடித்து வறுபட்டன. மாற்று ஆள் வந்து இரண்டாம் நாள் சாயங்காலம் தொப்பலாக நனைந்து திரும்பிய கருணாகரன், ஜன்னலிலிருந்து ஆவி போவதைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டு ஓடிவந்தான். கட்டிலருகே வந்து வழக்கம்போல அவள் வயிற்றோரம் கையை வைத்தான். சுரீரென்று எடுத்துக்கொண்டான். “ஃபுல் லோடு” என்றான். அவன் முகத்தில் ஓடியது மழைத்தண்ணீர் மட்டும் இல்லை. அதைப் பார்த்தவர்கள் துணி மடிக்கிற வேலையைப் பார்த்தார்கள்.

மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் அசீமின் மண்டிக்குப் போனார்கள். குழந்தையைத் தட்டுத் தராசில் துண்டு விரித்து நிறுத்தார்கள், தொண்ணூறு கிராம் ஏறியிருந்தது. எழில்மதி மூட்டைத் தராசில் ஏறினாள். அசீம் பழக்கத்தில் அதன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பப் போனார். “வேணாம் பாய். ரோட்டுப் பக்கமே இருக்கட்டும்” என்றாள். ஆறு கிலோ இறங்கியிருந்தது. ஆறு கிலோ கொடுத்தால் தொண்ணூறு கிராம்தான் சேர்ந்ததா என்று கொளஞ்சிநாதன் கேட்டான். மீதியெல்லாம் சுவர் காயவும் துணி காயவும் போயிருக்கும், எந்த பாய்லரும் முழுசையும் வேலைக்குக் கொடுத்ததில்லை என்று கருணாகரன் விளக்கினான். “இன்னும் பாய்லர வுடலியா நீங்க?” என்றாள் எழில்மதி. அசீம் அவள் முன்னால் வந்து நின்று, இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பிறகு போய்க் கடையைத் திறந்து வியாபாரத்தைப் பார்த்தார்.

அடுத்த மூன்று மாதத்தில் அந்த ஆறில் நான்கு கிலோ திரும்ப வந்துவிட்டது. உடம்பு மறுபடி ஒதுக்கி வைக்க ஆரம்பித்திருந்தது. இரண்டு கிலோவை மட்டும் வெளியிலேயே விட்டது. டாக்டர் அது நல்ல கணக்கு என்றார். எழில்மதி வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது முன்பெல்லாம் வயிற்றைப் பார்க்காமல் தேய்ப்பாள். இப்போது முதல் உள்ளங்கை எண்ணெயை அதற்குத்தான் வைக்கிறாள். பட்டினியில் தன்னைச் சாகவிடாமல் வைத்திருந்ததும், கேட்டபோது கணக்குப் பார்க்காமல் எடுத்துக் கொடுத்ததும் அதுதான் என்பது அவளுக்குத் தெரியும். நல்லா இரு என்று சொல்லிவிட்டு வெந்நீரை ஊற்றுவாள். மழை நாட்களில் பதினாறாம் பிளாக்கின் பச்சைக் குழந்தைகளுடைய துணிகள் இன்றைக்கும் அவள் ஹாலில்தான் காய்கின்றன. இதற்காக யாரும் தனியாக அனுமதி கேட்பதில்லை, ஒரு டிபன் பாக்ஸோடு வருகிறார்கள்.

மறு வருடம் மே மாதம் வந்தது. வெயில் நூற்றியேழு, எலுமிச்சம்பழம் பதினான்கு ரூபாய். பிளாக்காரர்கள் ஒருவரும் எழில்மதியிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆளுக்கொரு ஏர் கூலர் வாங்கிக்கொண்டார்கள், முதலில் வாங்கியவர் குஞ்சிதபாதம். கொளஞ்சிநாதன் கொண்டு வந்து வைத்த பலாக்காய் அவள் வீட்டு மூலையில் இரண்டே நாளில் பழுத்தது. சுளையைப் பங்கு போடும்போது குஞ்சிதபாதமும் வந்து அதே ஜன்னலோரம் உட்கார்ந்தார். அந்த வீட்டு வெக்கையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கொள்ள, வழிகிற வியர்வையைத் துண்டால் துடைத்துத் துடைத்துத் தன் பங்கைத் தின்று முடித்தார். “பழம் நல்லா பழுத்திருக்கும்மா” என்றார். கையைக் கழுவிக்கொண்டு, கூலர் இருக்கிற தன் வீட்டுக்குப் போனார்.